நான் எடுத்துவிட்ட வரி

அந்தச் செய்தியை எழுதியது நான்தான். நிருபர் யாரும் வந்து என்னைப் பேட்டி எடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் ஆராய்ச்சிச் செய்தி பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆராய்ச்சி செய்கிறவரே தமிழில் எழுதி, போட்டோவோடு சேர்த்து அனுப்பிவிட வேண்டும். அவர்கள் இருக்கிற இடத்துக்குத் தகுந்தபடி போட்டுக்கொள்வார்கள். என் பிஎச்டி கைடுக்குத் தமிழ் எழுத வராது. "நீயே எழுதிடும்மா" என்று சொல்லிவிட்டார். நானும் உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சாயத்தை வைத்துக்கொண்டு மாரடிக்கிறவள். பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் ஒரு கரிமச் சாயம். அதை அப்படியே ரத்தத்தில் விட்டால் சீக்கிரம் வெளியேறிவிடும், வெளிச்சம் பட்டால் சிதைந்தும்போகும். அதனால் கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளுக்குள் அதை அடைத்துவிடுவோம். நானோ துகள் என்று ஊரெல்லாம் சொல்வது அதைத்தான். அந்த உருண்டைகள் புற்றுநோய்க் கட்டியில் போய்ச் சேரும். வெளியிலிருந்து அகச்சிவப்பு லேசரைக் கட்டியின் மேல் அடித்தால், சாயம் அந்த ஒளியை வாங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில் கட்டி வெந்துபோகும். சுற்றியிருக்கிற நல்ல சதைக்குப் பெரிய சேதம் இருக்காது. நாங்கள் பார்த்தவரை நன்றாகத்தான் வேலை செய்தது. எலிக்கு.

எலிக்கு என்பதையும் எழுதித்தான் அனுப்பினேன். கடைசி வரி அதுதான். இந்தச் சோதனை இதுவரை எலிகளில் மட்டுமே செய்யப்பட்டிருக்கிறது, மனிதர்களுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம் என்று எழுதியிருந்தேன். மறுநாள் பத்திரிகை ஆபீசிலிருந்து ஒருவர் போன் செய்தார். கொஞ்சம் நீளமாக இருக்கிறது, ஒரு வரி குறைத்துக் கொடுங்கள், எதை எடுக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுதியதைப் பார்த்தேன். இயக்குநர் பாராட்டினார் என்று ஒரு வரி இருந்தது. துறைத்தலைவர் வாழ்த்தினார் என்று ஒரு வரி. கைடின் பெயரும் பட்டங்களும் ஒரு வரி. இந்த ஆராய்ச்சி உலகத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், இதில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று. எனக்கு முன்னால் படித்த ஒரு பெண் நன்றியுரையில் ஒருவர் பெயரை மறந்துபோனாள். அவள் தீசிஸ் அவர் மேஜையிலேயே ஒரு வருஷம் கிடந்தது. எனக்கு அந்தக் கதி வர வேண்டாம் என்று நினைத்தேன். "கடைசி வரிய எடுத்துடுங்க சார்" என்றேன். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

செய்தி தை மாதத்தில் வந்தது. நான் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சாயம் இருக்கிற சின்னக் குப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற படத்தோடு. அந்தக் குப்பி எப்போதும் அலுமினியத் தாள் சுற்றியே இருக்கும். போட்டோவுக்காகத் தாளைப் பிரித்தேன்.

பேப்பரை முதலில் பார்த்தது என் அக்கா. அக்கா என்றால் எனக்கு எல்லாமும்தான். அப்பா நான் பிறந்த இரண்டாம் வருஷமே கடலில் போய்விட்டார். நான் நாலாவது படிக்கும்போது அம்மாவும் போய்விட்டாள். அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், குருசுக்குப்பத்திலிருந்து மீன் எடுத்துக்கொண்டுபோய்ப் பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்தாள். இன்றைக்கும் அதே இடம்தான். அவள் புருஷன், என் மாமா, விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். குழந்தை இல்லை. நான்தான் குழந்தை. என்னை இந்த வயசிலும் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தச் செய்தியை வெட்டி லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். மார்க்கெட்டில் எல்லாருக்கும் சொன்னாளாம். மீன் வாங்க வருகிறவர்களிடமும் சொன்னாளாம். என் தங்கச்சி கட்டியை வெளிச்சத்தாலேயே கரைக்கிற மருந்து செய்கிறாள் என்று. நான் ஒருமுறை போனபோது பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பிடித்து, இந்தக் கை நல்லா இருக்கணும் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாகவும் இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

மாசி மகத்தன்று அக்கா கடலில் முழுகிவிட்டு வந்து புடவை மாற்றும்போதுதான் கட்டியைப் பார்த்திருக்கிறாள். இடது மார்பில். அவள் விரலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருஷமாக மீனை அழுத்திப் பார்த்தே நல்லது கெட்டது சொல்கிறவள். எனக்குப் போன் செய்து, "பாப்பா, ஒண்ணு கல்லு மாதிரி இருக்குதுடி. வலிக்கல" என்றாள். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஊசியால் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான். ஆனால் இன்னும் பரவவில்லை, முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு எடுத்துவிடலாம், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம் என்று தேதியும் எழுதிக் கொடுத்தார்.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியில் என்னைத்தான் தேற்றிக்கொண்டு வந்தாள். அவள் தைரியத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் அக்கா கேட்டாள். "உன்னுது எப்ப முடியும் பாப்பா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இன்றுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, கையில் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, அது உனக்கு வராதுக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீசிஸ் கொடுக்க ஆறு மாசம் ஆகும். அதைச் சொன்னேன். "இன்னும் ஆறு மாசம் ஆகும்க்கா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஜன்னல் ஓரமாக எனக்கு இடம் பிடிக்க முன்னால் ஏறிப்போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கே அசிங்கமாக இருக்கிறது. முதல் மருந்து ஏற்றுகிற நாளில் என் எலிகளுக்கு லேசர் கொடுக்கிற நாளும் சேர்ந்து வந்தது. ஒருநாள் தவறினால் அந்த எலிக் கூட்டம் முழுக்க வீணாகும். அக்காவே, நீ உன் வேலையைப் பார், மாமா வருகிறார் என்றாள். சாயங்காலம் போன் செய்தேன். தேதி தள்ளிப் போச்சு, ரத்தம் கம்மியாம் என்றாள். நம்பினேன். அடுத்த முறை சளி இருக்கிறதாம் என்றாள். அப்புறம் தடைக்காலம் முடியட்டும் என்று டாக்டரே சொன்னதாகச் சொன்னாள். மீன்பிடி தடைக்காலத்துக்கும் புற்றுநோய்க்கும் என்னக்கா சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. பிறகு, மாத்திரையாகவே கொடுத்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறேன் என்றாள். மாமாவிடம் கேட்டால் அவரும் அவள் சொன்னதையேதான் திருப்பிச் சொன்னார். அவர் பாதி நாள் கடலில் இருக்கிறவர், அவரை நோக முடியாது.

நான் கல்யாணமாகி அரியாங்குப்பத்தில் இருக்கிறேன். ஆற்றைத் தாண்டினால் டவுன், டவுனைத் தாண்டினால் குருசுக்குப்பம். ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஆறு மாசத்தில் நான் அங்கே போனது நாலே தடவை. போனபோதெல்லாம் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள், தின்றுவிட்டு வந்தேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனால் அறை முழுக்கச் சிவப்பாக இருந்தது. அக்கா சுவரைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை இல்லை. முன்னால் ஒரு விளக்கு. தோள்வலிக்குச் சூடு காட்டுகிற பெரிய சிவப்பு பல்பு. அதற்கு மிக அருகில் இடது மார்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். மார்பு நீலமாக இருந்தது. தரையில் வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் பாட்டிலும் ஒரு கொட்டாங்குச்சியில் பஞ்சும் இருந்தன.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே படார் படாரென்று அடித்துக்கொண்டேன். அக்கா பயந்துபோய் எழுந்து புடவையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த விளக்கு சொல்தா வீட்டிலிருந்து வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அக்கா வாடிக்கையாக மீன் கொடுக்கிற அந்த வீட்டில் பெரியவர் போன வருஷம் இறந்துபோனார். அவர் தோளுக்கு வைத்திருந்த விளக்கைச் சும்மா கிடக்கிறதே என்று அந்த வீட்டு மதாம், அவர் மனைவி, இவளுக்குக் கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது, இது அகச்சிவப்பு விளக்கு, கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அகச்சிவப்பு என்ற சொல்லை அக்கா அதற்கு முன்னால் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறாள். சாமி படத்துக்குப் பக்கத்தில். நான் எழுதியதில்.

"நீலச் சாயம்னு நீதானே எழுதியிருக்க. வெளிச்சத்த உறிஞ்சிக்கும்னு. உன்னுது வர்ற வரிக்கும் பெருசாகாம இருக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்றாள். மார்க்கெட்டிலிருந்து வந்து தினமும் மத்தியானம் செய்திருக்கிறாள். மாசக்கணக்காக. மருந்து ஏற்ற ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆஸ்பத்திரி மருந்துக்கு முடி கொட்டும், வாந்தி வரும், கடைசியில் மார்பையே எடுப்பார்கள். தங்கச்சியுடையதற்கு ஒன்றும் எடுக்க வேண்டாம். இது அவள் கணக்கு. யார் கேட்டாலும் நியாயமான கணக்குத்தான்.

புடவையை விலக்கிப் பார்த்தேன். தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, காய்ந்து, மறுபடி வெந்திருந்தது. மடிப்புகளில் எல்லாம் நீலம். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அக்குளில் கை வைத்தேன். அங்கே மூன்று உருண்டைகள் இருந்தன. நான் அவளைத் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அறிவு இருக்கா, மாடு மாதிரி வளர்ந்தியே என்றுகூடச் சொன்னேன். என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியதையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். திட்டி முடித்து நான் உட்கார்ந்ததும், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு கேட்டாள். "ஆறு மாசம் ஆயிடுச்சே பாப்பா. உன்னுது முடிஞ்சிருக்குமே. எனக்குப் போட்டுடேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில், அந்தச் சிவப்பு விளக்குக்கு முன்னால். நான் சொன்னது வேறு. "அடுத்த ஞாயித்துக்கெழம லேபுக்கு வா" என்றேன்.

இதை எத்தனை தடவை எழுதினாலும் நான் யோக்கியமானவளாக ஆகப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அக்குளில் வந்துவிட்டது என்றால் வேறு எங்கெல்லாம் போயிருக்கும் என்றும் தெரியும். அந்த ஏழு நாளும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான் இருந்தது. எலிக்கு வேலை செய்கிறதே, எலியும் ரத்தமும் சதையும்தானே, கட்டி தோலுக்குக் கிட்டத்தில்தானே இருக்கிறது, லேசர் எட்டுமே என்று எனக்கு நானே வக்கீல் ஆனேன். அவள் எடைக்கு எவ்வளவு சாயம் வேண்டும் என்று எலியின் எடையிலிருந்து பெருக்கிப் பார்த்தேன். நாலு நாள் உட்கார்ந்து புதிதாகத் துகள் செய்தேன். வடிகட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஊசியில் ஏற்றி, அலுமினியத் தாள் சுற்றி, லேப் ஃபிரிட்ஜில் பின்னால் தள்ளி வைத்தேன். மனுஷிக்குப் போட அனுமதி இல்லாத ஒரு மருந்தை என் அக்காவுக்குப் போட நான் தயாராக வைத்திருந்தேன். அதில் அவள் செத்தும் போகலாம் என்று தெரியும். அதையும் தெரிந்துகொண்டுதான் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு பட்டு. குளித்து, தலை முழுகி, பூ வைத்திருந்தாள். வெறும் வயிற்றோடு வரணுமா என்று நான் சொல்ல மறந்துவிட்டேனாம், எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தாள். வாட்ச்மேனிடம் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது, இவள் என் தங்கச்சி என்று அவருக்குச் சொன்னாள். ஆறு வருஷமாக என்னைப் பார்க்கிறவரிடம்.

லேபில் வேறு யாரும் இல்லை. லேசர் இருப்பது எலிகள் இருக்கிற அறைக்குப் பக்கத்தில். அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும். காலுக்கு உறை மாட்டி, முகத்துக்கு மாஸ்க் போட்டு அழைத்துக்கொண்டு போனேன். அக்கா கூண்டுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வெள்ளை எலிகள். ஒவ்வொன்றுக்கும் இடுப்புப் பக்கம் மயிரை மழித்து, அங்கே ஒரு கட்டி. ஒன்றின் அருகே குனிந்து பார்த்தாள். அவள் ஒரு மீனைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"இதுங்களுக்கெல்லாம் கட்டி தானா வந்துச்சா?"

நாங்கள்தான் வரவழைத்தோம் என்றேன். த்சொ என்று சொன்னாள். அடுத்த கூண்டுக்குப் போனாள். அதற்கும் அடுத்தது. கடைசிவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எல்லாத்துக்கும் இருக்குதே. நல்லா ஆனதெல்லாம் எங்க வெச்சிருக்க?"

நான் பக்கத்துக் கூண்டின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

"சொல்லுடி. ஒண்ணையாவது காட்டு. நல்லா ஆனா எப்பிடி இருக்கும்னு பாக்கறேன்."

"இல்லக்கா."

"இல்லன்னா? வெளிய வுட்டுட்டீங்களா?"

"கொன்னுட்டோம்க்கா."

அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லா ஆனதையா?"

"நல்லா ஆனதைத்தான்."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி போன மூன்றாவது வாரத்தில் எலியை மயங்கவைத்துக் கொன்றுவிடுவோம். அறுத்து ஈரல், கிட்னி எல்லாம் எடுத்து, சாயம் எங்கே போய்த் தங்கியிருக்கிறது, என்ன கெடுத்திருக்கிறது என்று பார்ப்போம். சிலவற்றில் ஈரல் பச்சையாகவே மாறியிருந்தது. பிழைத்திருந்தால் ஒரு வருஷம் கழித்து அந்த ஈரல் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, என் கைடுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. மனுஷ உடம்பில் லேசர் வெளிச்சம் விரல் கணு ஆழத்துக்கு மேல் போவதே கஷ்டம். உன் அக்குளில் இருக்கிறதை அது தொடாது. வேறு எங்காவது போயிருந்தால் அதையும் தொடாது. இதை இதுவரை நான் ஒரு மனுஷருக்கும் போட்டதில்லை. அழுதுகொண்டே சொன்னேன், மூக்கு ஒழுகியது, மாஸ்க் நனைந்துபோயிற்று.

"பேப்பர்ல இதெல்லாம் இல்லியே" என்றாள் அக்கா.

"எலிக்கு மட்டுந்தான்னு ஒரு வரி இருந்துச்சு. நான் எடுத்துட்டேன்."

ஏன் என்று கேட்டாள். ஒரு வரி அதிகமாக இருந்தது, இயக்குநர் பெயரை எடுக்க முடியாது, அதனால் இதை எடுத்தேன் என்றேன்.

"அவரு யாருடி எனக்கு?" என்றாள்.

அவள் கத்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கத்தியிருந்தால், என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டுப்புடவைத் தலைப்பை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பசிக்குதுடி என்றாள்.

ரோட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் நாலு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டாள். நான் போய் ஊசியில் இருந்ததைக் கழிவுப் பாட்டிலில் ஊற்றிவிட்டு வந்தேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீ வா, மாமா வேண்டாம், அந்த டாக்டரம்மாகிட்ட நீ பேசு என்றாள். சரி என்றேன்.

டாக்டரம்மா பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தார். தேதி போட்ட இடத்துக்கு எதிரில் எல்லாம் காலியாக இருந்தது. தோல் எப்படி வெந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். எதில் என்று கேட்டார். அதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து ஸ்கேனுக்கு எழுதினார்.

ஈரலில் வந்துவிட்டது. முதுகெலும்பிலும் வந்துவிட்டது. இனி மார்பை எடுத்துப் பிரயோஜனம் இல்லை, மருந்து ஏற்றிக்கொண்டே போகலாம், எவ்வளவு நாள் பிடித்து நிறுத்த முடியுமோ அவ்வளவு என்றார் டாக்டரம்மா. மாசியிலேயே ஆரம்பித்திருந்தால் என்று நான் வாயைத் திறந்தேன். அதைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். நானும் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும்.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்தான் அழைத்துக்கொண்டு போகிறேன். எலி, லேசர், கூட்டம் வீணாகிறது, எது எப்படிப் போனாலும் போகட்டும். அக்காவுக்கு முடி கொட்டிவிட்டது. தலையில் துண்டு கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பாள், கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த வார்டில் எல்லாரும் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பார்கள். எதைத் தின்றால் குமட்டாது, எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டாய், ஆயுர்வேதம் பார்த்தாயா, கேரளாவில் ஒருத்தர் இருக்கிறாராமே.

போன முறை பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் புதிதாக வந்தாள். வில்லியனூர்ப் பக்கம். கன்னத்தில் கட்டி. என்னைவிடச் சின்னவள். ஆபரேஷனுக்குப் பயமாக இருக்கிறது, முகம் கோணிவிடும் என்கிறார்கள், வெளிச்சம் காட்டியே கரைக்கிற வைத்தியம் ஒன்று நம் ஊரிலேயே கண்டுபிடித்திருக்கிறார்களாமே, அது வருகிற வரைக்கும் பொறுக்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அக்காவிடம் சொன்னாள். அவளுக்கு நாங்கள் யாரென்று தெரியாது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

அக்கா மருந்து ஏறாத கையால் சுருக்குப் பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்ததுதான். லேமினேஷனை மீன் வெட்டுகிற கத்தியால் ஓரமாகக் கீறிப் பிரித்திருக்கிறாள். அதில் கொஞ்சம் பேப்பரும் கிழிந்திருந்தது. என் படம் அப்படியே இருந்தது. இயக்குநர் பெயர் இருந்தது. துறைத்தலைவர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக இருந்த இடத்தில், பேனாவால் அழுத்தி அழுத்தி, எட்டாவதோடு நின்றுபோன அவளுடைய கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

இது எலிக்கு மட்டும். மனுசனுக்கு இன்னும் இல்லை. இதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். நான் காத்திருந்தேன்.

அந்தப் பெண் அதை இரண்டு தடவை படித்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அக்கா காகிதத்தைத் திரும்ப வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ எழுதுனது இதானே பாப்பா?"

"இதான்க்கா" என்றேன்.